மேலாண்மைக் கல்வியும் நம் சங்கங்களும்

நெல் விளைவிக்கும் குடியானவருக்கும் சேலை நெய்யும் நெசவாளருக்கும் வணிக மேலாண்மைக் கல்லூரியைப் பற்றி என்ன கவலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பொறியியலோ வணிகவியலோ படித்து முடித்து, சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டு, வங்கியில் கடன் பெற்று இரண்டாண்டு மேலாண்மைப் படிப்பிற்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கே கற்பது யாது? பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்கு மாறும்போது அவர்கள் படும் பாடு என்ன? அந்தக் கல்வியால் அவர்களை வளர்த்த ஊருக்கும் சங்கத்திற்கும் கிடைப்பது ஏதேனும் உண்டா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போலகத்தில் ஒரு மாலை

திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம், ஒருபுறம் தொழிற்பேட்டையும் மறுபுறம் காவிரியின் கடைமடை வயல்களுமாக அமைந்த ஊர். தைப் பொங்கலை ஒட்டி நாம் அங்கே ஓர் அங்கத்தினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அவருடைய மகன் இயந்திரப் பொறியியல் படித்தவர். சென்னையில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான்காண்டுகள் வேலை பார்த்தவர். அவ்வேலையை விட்டு, நுழைவுத் தேர்வு எழுதி, வடநாட்டில் உள்ள மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, முதலாண்டின் நடுவில் விடுமுறைக்கு வந்திருந்தார்.

“இருந்த வேலையை ஏன் தம்பி விட்டீர்கள்?” என்று கேட்டோம்.

“சார், இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். அதை ஓட்டுவதா, நிறுத்துவதா என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்” என்றார்.

தந்தையார் குறுக்கிட்டார். “ஐயா, இவன் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. இப்போது சம்பளமும் இல்லை; கடனும் ஏறிவிட்டது. படித்துவிட்டு எங்கே போவான் என்று கேட்டால் பதில் வரவில்லை.”

தந்தையின் கவலையும் மகனின் வேட்கையும் இரண்டும் மெய்யானவை. இந்த இரண்டுக்கும் நடுவேதான் இன்று பல குடும்பங்கள் நிற்கின்றன.

வகுப்பறையில் நடப்பது

அவர் சொன்ன வகுப்பறை நாம் அறிந்த வகுப்பறையன்று. ஆசிரியர் பாடம் சொல்ல, மாணாக்கர் குறிப்பெடுக்கும் வழக்கம் அங்கே குறைவு. உண்மையில் ஒரு நிறுவனத்திற்கு நேர்ந்த சிக்கல் பத்து இருபது பக்கங்களில் அச்சிட்டுத் தரப்படும். அதில் வரவு செலவு இருக்கும். ஆட்களின் சண்டை இருக்கும். சந்தை நிலவரம் இருக்கும். விடை மட்டும் இராது. முதல்நாள் இரவே அதனைப் படித்து, குழுவாகக் கூடி விவாதித்து, மறுநாள் வகுப்பில், “நீங்கள் இந்த நிர்வாகியாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்ற வினாவிற்கு விடை கூற வேண்டும். வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. ஒரு நாளைக்கு இத்தகைய கதைகள் இரண்டு மூன்று வரும். கணக்கியல், நிதி, விற்பனை, உற்பத்தி, பொருளாதாரம், புள்ளியியல், மனிதர்களை நடத்தும் முறை ஆகிய அனைத்தும் முதலாண்டிலேயே கட்டாயப் பாடங்கள். முன்னறிவிப்பின்றித் தேர்வுகளும் நடைபெறும்.

“முதல் ஆறு வாரம் நான் வாயே திறக்கவில்லை, சார்” என்றார் அவர். உடன் பயில்வோரில் மருத்துவர் ஒருவர். ராணுவ அதிகாரி ஒருவர். வங்கியில் பணியாற்றியவர் இருவர். தத்தம் பழைய தொழிலில் தேர்ந்தவர்களாக இருந்தும், ஐந்தொகையைப் படிக்கத் தெரியாமல் எல்லோரும் முதல் வகுப்புப் பிள்ளைகளைப்போல் விழித்தனராம். ஒரு தொழிலில் பெற்ற மதிப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்ததே தமக்குக் கடினமான பாடம் என்று அவர் கூறினார்.

ஒருநாள் ஆனந்தில் உள்ள பால் கூட்டுறவைப் பற்றிய விவாதம் வந்தது. நகரத்தில் வளர்ந்த மாணாக்கர்கள், குடியானவர் இலாபத்தைக் கணக்கிடாமல் பழக்கத்தால் தொழில் செய்கிறவர் என்று பேசினார்களாம். அப்போதுதான் இவர் முதன்முதலாக எழுந்து, தம் தந்தையார் அறுவடை நாளில் எந்தெந்தக் கணக்கைப் போட்டு நெல்லை விற்கிறார் என்பதை விளக்கினார். ஆட்கூலி, அறுவடை இயந்திரத்தின் வாடகை, வானத்தின் நிலை, கடனுக்குரிய நாள், வியாபாரியின் கழிவு ஆகிய அனைத்தையும் அவர் ஒரே வேளையில் எடை போடுகிறார் என்று சொன்னாராம். வகுப்பு முழுவதும் கேட்டது. தாம் விட்டு வந்ததாக நினைத்த ஊரே தமக்கு அங்கே மூலதனமாயிற்று என்றார் அவர்.

இந்தக் கல்வி வந்த வழி

கதையை முன்வைத்துக் கற்பிக்கும் இம்முறையை வளர்த்துப் பரப்பியது அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி. அப்பள்ளி 1908இல் தொடங்கப்பெற்றது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961ஆம் ஆண்டில் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பெற்றன. அகமதாபாத் கழகத்திற்கு ஹார்வர்டு துணை நின்றது. அதனை உருவாக்குவதில் முன்னின்றவர் விக்ரம் சாராபாய். விண்வெளி ஆராய்ச்சியால் அறியப்பட்ட அவர், அதற்கு முன்பே 1947இல் அகமதாபாத் துணி ஆலைகளுக்கென ஓர் ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தவர் என்பதை நெசவாளர்கள் அறிந்துகொள்வது நன்று. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் இத்தகைய கழகம் 2011இல் தொடங்கியது.

கூட்டுறவுத் துறைக்கெனவும் தனிக் கல்வி நிலையங்கள் உண்டு. வைகுந்த மேத்தாவின் பெயரால் அமைந்த தேசியக் கூட்டுறவு மேலாண்மை நிலையம் 1967 முதல் புனேயில் இயங்குகிறது. 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கழகம் தொடங்கிற்று. அங்கே பயில்வோர் கிராமத்தில் சில வாரங்கள் தங்கி, அங்குள்ள வாழ்வைக் கண்டு எழுதுவதும் பாடத்தின் ஒரு பகுதியாகும். 2025இல் பாராளுமன்றச் சட்டத்தால் அக்கழகம், திரிபுவன்தாஸ் படேலின் பெயர் தாங்கிய கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் பட்டயப் பயிற்சி அளிக்கின்றன. கணக்கு, தணிக்கை, கூட்டுறவுச் சட்டம் ஆகியவற்றோடு நகை மதிப்பீடும் கணினியும் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

உலோகத்திலிருந்து பாலுக்கு

திரிபுவன்தாஸ் படேலைக் குறிப்பிட்டோம். தொழில் மாற்றம் என்பதற்கு நம் இயக்கத்திலேயே உள்ள பெரும் சான்று அவருடன் சேர்ந்து உழைத்த வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் 1921இல் பிறந்த குரியன், சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகமும் கிண்டியில் பொறியியலும் பயின்றவர். பால்பண்ணைப் பொறியியல் கற்க வேண்டுமென்று சர்க்கார் உதவித்தொகை கொடுத்து அவரை அமெரிக்காவிற்கு அனுப்பிற்று. அங்கே அவர் கருத்தூன்றிக் கற்றதோ இயந்திரங்களையும் உலோகங்களையும்தான். உதவித்தொகைக்கு ஈடாகச் சர்க்காருக்கு உழைக்க வேண்டிய கட்டாயத்தால் 1949 மே மாதம் ஆனந்தில் இருந்த சர்க்கார் பால் நிலையத்திற்கு மனமின்றி வந்து சேர்ந்தார்.

அவ்வூரில் 1946இல் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பழைய இயந்திரங்களோடு தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் தலைவரான திரிபுவன்தாஸ், கட்டாயக் காலம் முடிந்து புறப்படவிருந்த குரியனைத் தம் ஒன்றியத்திற்கு உதவுமாறு வேண்டினார். சில காலத்திற்கென்று நின்றவர் வாழ்நாள் முழுவதும் நின்றுவிட்டார். எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்வது இயலாது என்று அயல்நாட்டு நிபுணர்கள் எண்ணியிருந்தபோது, குரியனின் நண்பர் எச். எம். தலாயா அதனைச் செய்து காட்டினார். 1955இல் அதற்கான ஆலை ஆனந்தில் திறக்கப்பட்டது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குரியன் பாலைப் பற்றி அறிந்து வந்தவர் அல்லர். கற்றுத்தேர்ந்த ஒரு மூளையை எந்தச் சிக்கலிலும் ஈடுபடுத்தலாம் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அந்த மூளைக்கு எஜமானர் யார் என்பதைத் தீர்மானித்தவர் திரிபுவன்தாஸ். ஒன்றியம் குடியானவருடையது, நிபுணர் அதன் ஊழியர். குரியனும் தம்மைக் குடியானவர்களின் ஊழியர் என்றே சொல்லிக்கொண்டார். அவர் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகத்தில் படித்தவர்களில் ஒரு பகுதியினர் பிற்காலத்தில் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றதும் உண்மையே. படிப்பு மட்டும் ஒருவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிடாது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

ஜவாஜா நெசவாளர்கள்

இனி, நெசவாளர்களுக்கு நெருங்கிய ஒரு செய்தி. அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய், 1965இல் பொறுப்பேற்று 1972இல் தாமாகவே அப்பதவியை விட்டு விலகி, அதே கழகத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பதவி ஏறுவதே தொழில் மாற்றம் என எண்ணும் உலகில், பதவியிலிருந்து இறங்கி வேலையை மாற்றிக்கொண்டவர் அவர்.

1975இல் அவர் ராஜஸ்தானத்தில் வறட்சி மிகுந்த ஜவாஜா என்னும் பகுதிக்குச் சென்றார். சுமார் 200 கிராமங்கள் கொண்ட அப்பகுதியில் வளம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை என்பதே பொதுக் கருத்தாக இருந்தது. ஆனால் அங்கே தோல் வேலை செய்வோரும் நெசவாளரும் இருந்தனர். அவர்களுடைய கைத்திறனே வளம் என்று மத்தாயும் அவருடன் சென்ற குழுவினரும் கண்டனர். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகமும் துணை நின்றது. தரைவிரிப்புகளும் தோற்பைகளும் வெளிச்சந்தைக்குரிய வடிவில் உருவாயின. அதனினும் பெரிய வேலை ஒன்று இருந்தது. நூலும் தோலும் எங்கே வாங்குவது, விலை எவ்வாறு வைப்பது, வங்கியில் எவ்வாறு பேசுவது, கணக்கை எவ்வாறு எழுதுவது ஆகியவற்றை அந்தக் கைவினைஞர்களே கற்க வேண்டும் என்பதே மத்தாயின் குறிக்கோள். வெளியிலிருந்து வந்தவர் விலகிய பிறகும் வேலை நடக்க வேண்டும் என்பதே அவர் வைத்த தேர்வு. அந்த முயற்சியிலிருந்து கைவினைஞர்களின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. மத்தாய் 1984இல் காலமானார்.

மேலாண்மைக் கல்வி படித்தவர் நம் சங்கத்திற்கு வந்தால் அவரை எதைக்கொண்டு அளப்பது என்பதை ஜவாஜா நமக்குக் கற்பிக்கிறது. அவர் எத்தனை சாமர்த்தியமாகத் தீர்மானித்தார் என்பது அளவுகோல் அன்று. அவர் வந்த பிறகு அங்கத்தினரில் எத்தனை பேர் தாமே தீர்மானிக்கக் கற்றனர் என்பதே அளவுகோல்.

களத்துமேட்டுக் கணக்கு

போலகத்துத் திண்ணைக்கு மீண்டும் வருவோம். அன்று முற்றத்தில் புது நெல் குவிந்திருந்தது. மார்கழி மழையில் நனைந்த கதிர், ஈரம் மிகுதி. தந்தையார் நான்கு மணியை வாயிலிட்டுக் கடித்து, “இருபதுக்கு மேலே இருக்கும்” என்றார். வியாபாரி 100 கிலோவுக்கு 10 கிலோ கழிவு கேட்பதாகவும் சொன்னார்.

மகன் ஒரு தாளை எடுத்தார். ஈரம் 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோ நெல்லில் நீர் 22 கிலோ. நீர் நீங்கலாக உள்ள பொருள் 78 கிலோ. அதை 17 சதவீத ஈரத்திற்கு உலர்த்தினால், அந்த 78 கிலோ மொத்த எடையில் 83 சதவீதமாகும். ஆகவே உலர்ந்த நெல்லின் எடை சுமார் 94 கிலோ. உண்மையில் குறைவது 6 கிலோ. கேட்கப்படும் கழிவோ 10 கிலோ. மிச்சம் 4 கிலோ எங்கே போகிறது?

“உலர்த்துகிற கூலி அவனுக்கு உண்டல்லவா?” என்று தந்தையார் கேட்டார். அந்தக் கேள்வியே நம்மை வியக்க வைத்தது. மகனும் அதை ஒப்புக்கொண்டார். கிலோ 20 ரூபாய் என்று கொண்டால் 4 கிலோவுக்கு 80 ரூபாய். ஐம்பது அங்கத்தினர் தலைக்கு 40 குவிண்டால் வீதம் விற்றால் மொத்தம் 2,000 குவிண்டால். அதற்கு 1,60,000 ரூபாய் ஆகிறது. உலர்களமும் ஈரப்பதமானியும் வைத்து, ஆட்கூலியும் கொடுத்து, அதைவிடக் குறைந்த செலவில் சங்கம் உலர்த்தித் தர முடியுமா? முடியும் என்றால் சங்கம் செய்யட்டும். முடியாதென்றால் வியாபாரியைக் குறை சொல்வதில் பயனில்லை. வகுப்பறையில் கற்பது இவ்வளவே என்றார் மகன். கடித்துப் பார்த்து ஈரத்தைச் சொல்லும் அறிவு தந்தைக்கு. அதைத் தொகையாக்கும் அறிவு மகனுக்கு. இரண்டில் ஒன்று இல்லாவிடினும் கணக்கு முடியாது.

சேலைக் கணக்கு

நெசவாளர் சங்கத்திற்கும் இதே முறை பொருந்தும். ஒரு சேலைக்கு நூலும் கூலியும் பிறவும் சேர்ந்து 800 ரூபாய் அடக்கம் என்றும், சங்கம் அதை 950 ரூபாய்க்கு விற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சேலையிலும் நிற்பது 150 ரூபாய். கட்டிட வாடகை, ஊழியர் சம்பளம், மின்சாரம் ஆகியவை விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்றால், 2,000 சேலை விற்ற பிறகே சங்கத்திற்கு முதல் ரூபாய் இலாபம். இனி, 500 சேலைகள் அலமாரியில் ஓராண்டு கிடந்தால் முடங்கிய பணம் 4,00,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து வட்டியில் 40,000 ரூபாய் போயிற்று. அந்த வட்டியை மீட்பதற்கு மட்டும் மேலும் 267 சேலைகள் விற்க வேண்டும்.

ஆய்வாளர் என்ற முறையில் நாம் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் பேரேடும் சரக்கிருப்பு ஏடும் ஒரு பைசா பிசகாமல் இருந்தன. ஆனால் பழைய நிறங்களில் நெய்த சேலைகள் மூன்றாண்டுகளாக அலமாரியை விட்டு நகரவில்லை. கணக்கு சரியாக இருந்தது, சங்கம் மெலிந்துகொண்டிருந்தது. தணிக்கைக் குறிப்பில் நாமும் “ஏடுகள் ஒழுங்கு” என்றே எழுதி வந்தோம். இந்த 267 என்ற எண்ணை அன்று பேரவையில் யாராவது எழுந்து சொல்லியிருந்தால், அடுத்த பாவு ஓட்டுமுன் நிறம் மாறியிருக்கும். அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய 28 பேரில் நெசவாளர்கள் பலர். அவர்கள் பின்னர் தங்கள் உபரியில் 2½ சதவீதத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கினர். நம் சங்கங்கள் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துவதும் அந்த எண்ணத்தின் வழி வந்ததே. அந்த நிதி எங்கோ செலுத்தப்படும் ஒரு தொகை என்று மட்டும் கருதாமல், நம் கூட்டத்திலும் கல்வி நடைபெறச் செய்ய வேண்டும்.

முதலாவதாக, மேலாண்மை பயில்வோர் முதலாண்டு முடிவில் ஏறக்குறைய இரண்டு மாதம் வெளியில் பயிற்சி பெறுவது வழக்கம். நம் சங்கங்கள் தம் ஊர்ப் பிள்ளைகளை அதற்கு அழைக்கலாம். அழைக்கும்போது நாற்காலி ஒன்றைக் கொடுத்து உட்கார வைக்காமல், தீராத சிக்கல் ஒன்றைக் கொடுக்க வேண்டும். விற்காத சரக்கும் வசூலாகாத கடனும் உலர்த்தும் செலவும் இவ்வகையின.

இரண்டாவதாக, அவர் கண்டதை ஆங்கில அறிக்கையாக எழுதி வைத்துவிட்டுப் போதல் கூடாது. ஒரு பக்க அளவில், அங்கத்தினருக்குப் புரியும் தமிழில், பேரவையில் படிக்க வேண்டும். படித்த பின் அங்கத்தினர் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, வெளியூர் சென்று படிக்க இயலாத இளைஞர்களையும் பெண்களையும் கூட்டுறவுப் பட்டயப் பயிற்சிக்கு அனுப்பலாம். காரியதரிசி ஒருவருக்கே கணக்குத் தெரியும் என்ற நிலை நீடித்தால் சங்கம் அவர் கையிலேயே இருக்கும்.

நான்காவதாக, படித்தவர் திரும்பி வர விரும்பினால் அவருக்குக் கொடுக்கத்தக்க சம்பளம் யாது என்பதைச் சங்கங்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்விக் கடன் உள்ளவரிடம் தியாகத்தை மட்டும் வேண்டுவது முறையன்று. ஒரு சங்கத்தால் இயலாதாயின், பக்கத்துச் சங்கங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு நிர்வாகியை வைத்துக்கொள்வது பற்றி ஆலோசிக்கலாம்.

அந்த இளைஞர் படிப்பு முடிந்து எங்கே செல்வார் என்பதை நாம் அறியோம். அவரும் அன்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை சங்க அலுவலகத்தில் அவர் பழைய கொள்முதல் ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்ததைக் கண்டோம். சென்ற மூன்று சம்பாவில் ஒவ்வொரு அங்கத்தினருக்கும் எவ்வளவு கழிவு பிடிக்கப்பட்டது என்று எழுதி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தந்தையார் அமர்ந்து, எந்த ஆண்டு எந்த வாரத்தில் மழை பெய்தது என்று நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாள் அடுத்த பேரவையில் படிக்கப்படவிருக்கிறது. அங்கத்தினர் அனைவரும் தவறாது வந்து கேட்பார்களாக, கேட்டபின் வினவுவார்களாக.